வீட்டுக்குள் ஒரு பாரிஸ்: பின்னணி இசை குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புதுச்சேரியில் பிறந்து வளர்ந்த நான், வேலை நிமித்தம் பாரிஸின் பத்தாம் வட்டாரத்தில் ஒன்பது ஆண்டுகள் வாழ்ந்துவிட்டு ஊர் திரும்பியவள். மாலையில் யாராவது வீட்டுக்கு வந்தால் அந்த நகரத்தின் இசையை மெல்ல ஒலிக்கவிடுவது எனக்குப் பழக்கமாகிவிட்டது. வந்தவர்கள் விடைபெறும்போது கேட்கும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரியானவை; தன் காப்பிக் கடைக்கு இசை தேர்ந்துதரச் சொன்ன தோழியும் அவற்றையேதான் கேட்டாள். எளியவற்றில் தொடங்கிச் சிக்கலானவை வரை அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன்.

பின்னணி இசை என்றால் சினிமாவில் வருவதுதானே? வீட்டில் அதற்கு என்ன வேலை?

தமிழில் அந்தச் சொல்லைக் கேட்டதும் திரைப்படம் நினைவுக்கு வருவது இயல்பே. திரையில் ஒரு காட்சி இருக்கிறது. அதை நாம் எப்படி உணர வேண்டும் என்று இசை சொல்கிறது. வீட்டில் அப்படி எந்தக் காட்சியும் இல்லை. ஒருவர் வெங்காயம் நறுக்குகிறார், இருவர் பேசிக்கொண்டிருக்கிறார்கள், குழந்தை தரையில் படம் வரைகிறது. இவர்களில் யாருடைய கவனத்தையும் பிடுங்காமல் அறைக்கு ஒரு சாயல் தருவதே வீட்டுப் பின்னணி இசையின் வேலை.

இந்தக் கருத்தை முதன்முதலில் வெளிப்படையாக முன்வைத்தவர்களில் ஒருவர் பாரிஸில் வாழ்ந்த இசையமைப்பாளர் எரிக் சாட்டி. மேசை, நாற்காலிபோல அறையில் சும்மா இருக்கும் இசை என்ற பொருளில் அவர் அதை 'அறைகலன் இசை' என்றார். 1920 மார்ச் 8 அன்று பாரிஸின் ஓர் ஓவியக்கூடத்தில், இடைவேளை நேரத்தில், இசைக்கலைஞர்களைக் கூடத்தின் வெவ்வேறு மூலைகளில் அமர்த்தி அவர் அதை வாசிக்கச் செய்தார். யாரும் இதைக் கவனிக்க வேண்டாம் என்று முன்கூட்டியே கேட்டுக்கொண்டிருந்தும், வாசிப்பு தொடங்கியதும் எழுந்து நின்றவர்கள் இருக்கைக்குத் திரும்பி மௌனமாகக் கேட்கத் தொடங்கிவிட்டார்கள். பேசுங்கள், நடமாடுங்கள், கேட்காதீர்கள் என்று சாட்டி அவர்களிடம் மன்றாட வேண்டியதாயிற்று. நல்ல இசை நம்மைக் கேட்க வைத்துவிடும் என்ற அந்தச் சிக்கல் இன்றும் தீரவில்லை. கீழே வரும் பல பதில்கள் அதைச் சுற்றியே அமைந்திருக்கின்றன.

பாரிஸ் என்றாலே ஏன் அக்கார்டியன்?

துருத்தியை விரித்தும் சுருக்கியும் வாசிக்கும் அந்தக் கருவி பாரிஸோடு சேர்ந்தது எப்படி என்று சொல்ல, அங்கே பிழைக்க வந்தவர்களின் கதையைச் சொல்ல வேண்டும். 19ஆம் நூற்றாண்டில் மத்திய பிரான்சின் மலைப்பகுதியான ஓவெர்னிலிருந்து ஏராளமானோர் வேலை தேடி அந்த நகரத்துக்கு வந்தார்கள். வீடுகளுக்குத் தண்ணீர் சுமந்தார்கள், விறகும் நிலக்கரியும் விற்றார்கள், நாளடைவில் கரிக்கடையின் ஒரு பகுதியிலேயே மது விற்கவும் தொடங்கினார்கள். பாஸ்தீய் சதுக்கத்தை அடுத்த லாப் தெருவில் இருந்த அத்தகைய கடைகளில் அவர்கள் கூடி ஆடியது தங்கள் ஊர்ப் பைக்குழலின் இசைக்கு. நம் ஊர்த் துத்தியைப் போலத் தோல்பையில் காற்றை அடைத்து வாசிக்கும் அந்தக் கருவிக்குக் 'கப்ரெத்' என்று பெயர். அவர்கள் மொழியில் அதற்கு ஆட்டுக்குட்டி என்று பொருள். அதை 'மியூசெத்' என்றும் சொன்னதால், அந்த ஆட்டக் கூடங்களுக்கும் அந்தப் பெயரே நிலைத்தது.

பிறகு இத்தாலியர்கள் வந்தார்கள், அக்கார்டியனோடு. அந்தக் கருவியும் பாரிஸில் பிறந்ததன்று. 1829இல் வியன்னாவில் அதற்குக் காப்புரிமை பெறப்பட்டது. முதலில் இரு தரப்பினருக்கும் ஒத்துப்போகவில்லை. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், லாப் தெருவில் கூடம் நடத்திய பைக்குழல் கலைஞர் ஆந்துவான் பூஸ்கத்தெல், இத்தாலிய வழிவந்த அக்கார்டியன் கலைஞர் ஷார்ல் பெகுரியைத் தன்னோடு சேர்த்துக்கொண்டார்; பெகுரி பின்னர் அவருடைய மருமகனும் ஆனார். எமில் வஷே போன்றவர்களின் கையில் அந்த வாசிப்பு தனி பாணியாக முதிர்ந்தது. காலப்போக்கில் பைக்குழல் மறைந்துபோக, அதன் பெயர் மட்டும் அக்கார்டியன் இசையோடு ஒட்டிக்கொண்டது. பாரிஸின் அடையாளம் என்று நாம் கேட்பது, மலையிலிருந்து இறங்கி வந்தவர்களும் எல்லை கடந்து வந்தவர்களும் சேர்ந்து உண்டாக்கிய இசை. எனக்கு இந்த இசைமீது இருக்கும் பிரியத்தில் பாதி இதனால்தான்.

அந்த அக்கார்டியன் ஒலியில் ஒரு நடுக்கம் இருக்கிறதே, அது என்ன?

சுருதி சேராததுதான் அந்த நடுக்கம். வேண்டுமென்றே சேராமல் வைக்கப்பட்டது. ஆர்மோனியத்தில் உள்ளதைப்போல அக்கார்டியனிலும் உலோக நாக்குகள் இருக்கின்றன. நம் ஊரில் அவற்றை ரீடு என்பார்கள். ஒரு கட்டையை அழுத்தினால் ஒரே ஸ்வரத்துக்கு இரண்டு அல்லது மூன்று ரீடுகள் சேர்ந்து ஒலிக்கும். மியூசெத் பாணியில் அவற்றில் ஒன்றைச் சரியான சுருதியிலும் மற்றவற்றைச் சற்றே ஏற்றியும் இறக்கியும் வைப்பார்கள். ஒரு ரீடு நொடிக்கு 440 முறையும் அடுத்தது 443 முறையும் அதிர்ந்தால், அவை கூடியும் விலகியும் நொடிக்கு மூன்று முறை ஒலி பொங்கித் தணியும். நாம் நடுக்கம் என்று கேட்பது அதைத்தான்.

அக்கார்டியன் பழுதுபார்க்கும் ஒருவரின் பட்டறையில் ஒரு மதியம் முழுவதும் நின்று இதைப் பார்த்திருக்கிறேன். துருத்தியைக் கழற்றியதும் உள்ளே மரக்கட்டைகளில் மெழுகால் பதித்த ரீடுகள் வரிசையாக இருந்தன. பழைய மெழுகின் வாசனை மேசையெங்கும் பரவியது. ஒரு ரீடின் நுனியை அவர் மெல்லச் சுரண்டினார், சுருதி ஏறியது. அடிப்பகுதியைச் சுரண்டினார், இறங்கியது. ஒவ்வொரு முறையும் காற்றைச் செலுத்தி, கண்ணை மூடிக்கொண்டு, நடுக்கத்தின் வேகத்தை எண்ணிப் பார்த்தார். தம்பூராவோடு இழைந்து பழகிய நம் காதுக்கு முதலில் இது குறையாகப் படலாம். கொஞ்ச நேரத்தில், நிறையப் பேர் ஒன்றாகப் பாடுவதுபோன்ற ஒரு கூட்டத்தின் கதகதப்பு அதில் தெரிய வரும். இந்தக் குடும்பத்தில் நமக்கும் ஓர் உறவு உண்டு: மேடை நாடகத்தில் நாம் கொண்டாடிய கால் ஆர்மோனியத்தின் முன்னோடியை 1840களில் அலெக்சாந்தர் தபேன் உருவாக்கியது பாரிஸில்தான்.

இதைப் போட்டால் மனம் உண்மையிலேயே பிரான்சுக்குப் போகுமா, அல்லது நாமாக நினைத்துக்கொள்வதா?

போகும், அதுவும் நமக்குத் தெரியாமலே. இங்கிலாந்தின் உளவியலாளர்கள் அங்கே ஒரு பல்பொருள் அங்காடியில் நடத்திய ஆய்வு 1997இல் வெளிவந்தது. விலையும் சுவையும் ஒத்த பிரெஞ்சு, ஜெர்மன் மதுவகைகளை அருகருகே அடுக்கி, இரண்டு வாரங்களுக்கு ஒரு நாள் பிரெஞ்சு அக்கார்டியன் இசை, மறுநாள் ஜெர்மன் மதுக்கூட இசை என்று மாற்றி மாற்றி ஒலிக்கவிட்டார்கள். அக்கார்டியன் ஒலித்த நாட்களில் 40 பிரெஞ்சுப் புட்டிகளும் 8 ஜெர்மன் புட்டிகளும் விற்றன. ஜெர்மன் இசை ஒலித்த நாட்களில் பிரெஞ்சு 12, ஜெர்மன் 22. இசையால்தான் இதை எடுத்தீர்களா என்று கேட்டபோது, வாங்கியவர்களில் பெரும்பாலோர் இல்லை என்றே சொன்னார்கள்.

ஆனால் அந்த இசை அவர்கள் மனத்தில் எழுப்பியது பிரான்ஸ் என்ற பொதுவான படத்தை. ஒருவர் வாழ்ந்த தெருவை, ஏறி இறங்கிய படிக்கட்டை அது எழுப்பாது. இந்த வேறுபாடு முக்கியம். எட்டாவது கேள்வியில் இதற்குத் திரும்ப வருகிறேன்.

எவ்வளவு சத்தமாக வைக்க வேண்டும்?

பலரும் வைப்பதைவிடக் குறைவாக. இருவர் எதிரெதிரே அமர்ந்து இயல்பாகப் பேசும் ஒலி சுமார் 60 டெசிபல் இருக்கும். இசை அதற்குப் பத்து முதல் பதினைந்து டெசிபல் கீழே, 45 முதல் 50க்குள் இருந்தால் போதும். கைப்பேசியில் இதை அளக்கும் செயலிகள் இருக்கின்றன. அவை துல்லியமானவை அல்ல என்றாலும் இதற்குப் போதும்.

அதைத் தாண்டினால் என்ன ஆகும் என்பதை விளக்கியவரும் பாரிஸ்காரரே. எத்தியென் லொம்பார் என்ற காது மூக்கு தொண்டை மருத்துவர், இரைச்சலுக்கு நடுவே மனிதர்கள் தம்மை அறியாமலே குரலை உயர்த்துகிறார்கள் என்பதை 1911இல் எழுதினார். காது கேளாததுபோல நடிப்பவர்களைக் கண்டறியவும் அது பயன்பட்டது. விருந்துகளில் நடப்பதும் இதுவே: இசை கூடினால் பேச்சு கூடுகிறது, பேச்சு கூடியதால் இசை கேட்கவில்லை என்று யாரோ இசையை இன்னும் கூட்டுகிறார், ஒரு மணி நேரத்தில் எல்லோருக்கும் தொண்டை கட்டிவிடுகிறது. யாராவது குரலை உயர்த்துவது காதில் பட்டால், எழுந்து போய் இசையைக் குறையுங்கள்.

பாடல்கள் இருக்கலாமா, வெறும் வாத்திய இசைதான் வேண்டுமா?

மொழி புரியும் இடத்தில் பாடல் பேச்சோடு மல்லுக்கு நிற்கும். என் வீட்டுக்கு வருபவர்களில் பிரெஞ்சு தெரிந்த முதியவர்கள் சிலர் உண்டு. எதித் பியாஃபின் குரல் எழுந்ததும் அவர்கள் பேச்சை நிறுத்திவிடுகிறார்கள். 1915இல் பாரிஸின் கிழக்குப் பகுதியில் ஏழ்மையில் பிறந்து, தெருவில் பாடித் தொடங்கிய அந்தக் குரலைப் பின்னணியில் வைக்கவே முடியாது. அவரைக் கேட்க வேண்டுமென்றால் விளக்கைத் தணித்து, உட்கார்ந்து கேளுங்கள்.

பின்னணிக்கு நான் அதிகம் நாடுவது ஜாஸ் கித்தார் கலைஞர் ஜாங்கோ ரைன்ஹார்ட்டின் குழுவை. மனூஷ் நாடோடிச் சமூகத்தில் பிறந்த அவர், கித்தார் போன்ற பாஞ்சோவோடு அந்த மியூசெத் கூடங்களில் அக்கார்டியன் கலைஞர்களுக்குத் துணை வாசித்துத் தொடங்கியவர். 1928இல் அவருடைய வண்டிவீடு தீப்பற்றியதில் இடக்கையின் இரண்டு விரல்கள் ஏறக்குறையப் பயனற்றுப் போயின. மீதமிருந்த விரல்களை வைத்தே கித்தாரில் புதிய வழி கண்டார். 1934இல் வயலின் கலைஞர் ஸ்தெஃபான் கிரப்பெல்லியோடு சேர்ந்து அவர் அமைத்த ஐவர் குழுவில் மூன்று கித்தார், ஒரு வயலின், ஒரு பெரிய பாஸ் மட்டுமே; தாளக் கருவியே கிடையாது. தாளத்தைக் கித்தார்களே வெட்டி வெட்டித் தருவதால் துள்ளல் இருக்கும், இடி இருக்காது. தாழ்ந்த ஒலியிலும் அதன் உயிர் குன்றுவதில்லை என்பது என் அனுபவம்.

நம் ராகங்களுக்கு நேரம் இருப்பதுபோல இதற்கும் உண்டா?

விடியலுக்குப் பூபாளம், உறக்கத்துக்கு நீலாம்பரி என்பதுபோன்ற மரபு அங்கே இல்லை. நானாக வகுத்துக்கொண்ட முறை ஒன்று இருக்கிறது. காலையில் சாட்டி 1888இல் எழுதிய மூன்று மெதுவான பியானோ உருப்படிகள்; மாலையில் அக்கார்டியனின் மூன்றெண்ணிக்கை நடை, 'தகிட தகிட' என்று கை தானாகத் தட்டும்; விருந்து வேளையில் மேலே சொன்ன ஐவர் குழு. இரவு முற்றியபின், 1957 டிசம்பரில் அமெரிக்க ஜாஸ் கலைஞர் மைல்ஸ் டேவிஸ் பாரிஸில் ஒரு திரைப்படத்தின் காட்சிகளைப் பார்த்தபடியே ஓரிரவில் வாசித்துத் தந்த ஊதுகுழல் இசை. மழை பெய்தால் எதுவும் வேண்டாம், மழையே போதும்.

அக்கா, நீங்கள் அங்கே இருந்தபோது அக்கார்டியனைத்தான் கேட்டுக்கொண்டிருந்தீர்களா?

இல்லை, தம்பி. அந்த ஒன்பது ஆண்டுகளில் என் காதில் விழுந்த பாரிஸ் வேறு. வேலைக்குப் போகும் வழியில், மெத்ரோ சுரங்க நடைவழியில், வெண்ணிற ஓடு பதித்த சுவர்களில் எதிரொலிக்கும் வயலின். 1900இல் தொடங்கிய அந்த மெத்ரோவில் 1997 முதல் குரல் தேர்வுபோல ஒன்றை நடத்திச் சுமார் 300 இசைக்கலைஞர்களுக்கு நடைவழிகளில் வாசிக்க அனுமதி தருகிறார்கள். வளைவில் திரும்பும் முன்பே இசை வந்துவிடும். வாசிப்பவரைக் கண்டு, கடந்து, படியேறி மேலே போன பிறகும் கொஞ்ச தூரம் கூடவே வரும். நெருங்கும்போது கூடி விலகும்போது குறையும் அந்த வயலின், நடக்கும் வேகத்தில்தான் என் நினைவில் இருக்கிறது.

பர்பேஸ் பக்கம் போனால் கடைகளிலிருந்து அல்ஜீரியாவின் ராய் இசை. கோடையில் திறந்த சன்னல்களிலிருந்து கரீபியத் தீவுகளின் சூக். அதை உலகறியச் செய்த கசாவ் குழு 1979இல் அமைந்ததே பாரிஸில்தான். கார் து நோர் ரயில் நிலையத்துக்குப் பின்னால், ஈழத்தமிழர்களின் கடைகள் நிறைந்த லா சப்பலில், கொத்து ரொட்டி தட்டும் ஓசையோடு கலந்து தமிழ்ப் பாட்டு. ஆகஸ்ட் இறுதியையொட்டி, 1985இல் தொடங்கப்பட்ட மாணிக்க விநாயகர் ஆலயத்தின் தேர் வீதிக்கு வரும். சாம்பல் நிறக் கட்டடங்களுக்கு நடுவே தவிலும் நாகஸ்வரமும் முழங்க, தெருவெங்கும் தேங்காய் உடைபட, இளநீர் வழிந்தோடும். பால்கனிகளில் பிரெஞ்சு முதியவர்கள் நின்று பார்ப்பார்கள். இன்று எங்காவது மல்லாரி கேட்டால் எனக்குத் தஞ்சாவூர் நினைவுக்கு வருவதற்கு முன் ஃபோபூர் சேன் தெனி தெரு நினைவுக்கு வருகிறது.

எனவே, வருபவர்களுக்கு நான் அக்கார்டியனைப் போடுவது அவர்களுக்காக; நான்காம் பதிலில் சொன்ன அந்தப் பொதுவான படம் அவர்களிடம் இருக்கிறது, அதன் வழியாக அவர்கள் எளிதில் உள்ளே வருகிறார்கள். தனியாக இருக்கும்போது நான் போடுவது வயலின். மலைவாசிகளும் இத்தாலியர்களும் சேர்ந்து செய்த இசை பாரிஸின் இசை ஆகுமென்றால், நம்மவர்களின் நாகஸ்வரத்தையும் அந்தப் பட்டியலில் தயங்காமல் சேர்ப்பேன்.

நான் பாரிஸே போனதில்லை. எனக்கு மதுரைதான் பிடித்த ஊர். இது பொருந்துமா?

தாராளமாக. மதுரை என்றதும் எல்லோரும் எதிர்பார்க்கும் இசையை முதலில் ஒதுக்கி வையுங்கள். ஒரு தாளை எடுத்து, அந்த ஊரில் நீங்கள் நடந்த வழி ஒன்றைத் தொடக்கம் முதல் முடிவுவரை நினைத்து, அந்தந்த இடத்தில் எது காதில் விழுந்தது என்று எழுதுங்கள். டீக்கடை வானொலியில் ஓடியது, கல்யாண மண்டபத்துக்கு வெளியே கசிந்தது, பேருந்தில் ஓட்டுநர் போட்டது. இசைத்தரம் பற்றிக் கவலை வேண்டாம். உங்கள் பட்டியல் அந்தத் தாளில் இருக்கும்.

இசைக்குப் பதிலாக நகரத்தின் ஓசைகளையே ஒலிக்கவிட்டால் என்ன?

செய்து பார்த்தேன். தெரு இரைச்சலைத் தொடர்ந்து ஓடவிட்டால், பத்து நிமிடத்தில் யாராவது எழுந்து சன்னலைச் சாத்தப் போகிறார்கள். ஒற்றை ஓசைகள் மட்டும் பலன் தருகின்றன. நோத்ர தாம் பேராலயத்தின் பெருமணி 13 டன் எடையுள்ளது. நல்ல பதிவில் அடித்த ஒலியைவிட அதைத் தொடரும் ரீங்காரம் நெடுநேரம் நிற்கும். 2019 ஏப்ரல் தீவிபத்துக்குப் பிறகு 2024 டிசம்பரில் அந்தப் பேராலயம் மீண்டும் திறக்கப்பட்டபோது, அந்தப் பதிவை ஒரே ஒரு முறை, இரண்டு இசைத்துண்டுகளுக்கு நடுவே வைத்தேன். அறையில் பேச்சு தானாக ஓய்ந்தது.

கடையில் ஒலிக்கவிட அனுமதி வாங்க வேண்டுமா? பழைய இசைக்குமா?

வேண்டும். வீட்டில் கேட்பதற்கு எந்தத் தடையும் இல்லை. கடை பொது இடம். இந்தியாவில் இசையமைப்பாளர், பாடலாசிரியர் உரிமைகளுக்கு ஐபிஆர்எஸ் அமைப்பிடமும், ஒலிப்பதிவு உரிமைகளுக்கு பிபிஎல் போன்ற அமைப்புகளிடமும் உரிமம் பெற வேண்டும். மாதக் கட்டணம் செலுத்திக் கேட்கும் இசைச் செயலிகள் பொதுவாகத் தனிப்பட்ட பயன்பாட்டுக்கு மட்டுமே அனுமதி தருகின்றன. சாட்டி 1925இல் மறைந்துவிட்டதால் அவருடைய இசைக்கான உரிமைக்காலம் முடிந்துவிட்டது. ஆனால் அதை அண்மையில் ஒருவர் வாசித்துப் பதிவு செய்திருந்தால், அந்தப் பதிவுக்குத் தனி உரிமை உண்டு. இந்த இடத்தில்தான் பலரும் தவறிவிடுகிறார்கள்.

இதைத் தொல்லையாக நினைப்பவர்களுக்கு ஒரு நிகழ்ச்சியைச் சொல்வேன். 1847இல் பாரிஸின் ஷான்செலிசே சாலையில் இருந்த ஒரு காப்பியகத்துக்குப் போன எர்னெஸ்ட் பூர்ழே என்ற பாடலாசிரியர், அங்கே தன் படைப்பு இசைக்கப்படுவதைக் கேட்டார். என் உழைப்புக்கு நீங்கள் பணம் தராதபோது, நான் குடித்த சர்க்கரைத் தண்ணீருக்கு மட்டும் ஏன் பணம் தர வேண்டும் என்று மறுத்துவிட்டார். வழக்கு நடந்தது, அவர் வென்றார். அதன் தொடர்ச்சியாக 1851இல் பிரான்சின் இசைப்படைப்பாளர் உரிமைச் சங்கமான சசெம் உருவாயிற்று. என் தோழி இதைக் கேட்டுவிட்டு அந்த வாரமே உரிமத்துக்கு விண்ணப்பித்தாள்.

தினமும் போட்டால் அந்த நினைவு தேய்ந்துபோகாதா?

தேயும். நான் இதைப் பட்டுத் தெரிந்துகொண்டேன். ஊர் திரும்பிய முதல் ஆண்டில், ஏக்கம் தாங்காமல் ஒரே அக்கார்டியன் தொகுப்பைச் சமைக்கும் வேளையில் அன்றாடம் ஓடவிட்டேன். இப்போது அதன் முதல் ஸ்வரம் எழுந்ததும் எனக்கு வருவது பாரிஸ் அன்று, கடுகு தாளிக்கும் வாசனை. பழைய நினைவின்மேல் புதியது படிந்துவிட்டது. அது போனது போனதுதான்.

அன்று முதல் மூன்று கட்டுப்பாடுகளைப் பின்பற்றுகிறேன். எந்தத் தொகுப்பையும் மாதத்துக்கு ஒரு முறைக்குமேல் போடுவதில்லை. நாற்பது நிமிடம் ஒலித்தால் இருபது நிமிடம் நிறுத்திவைக்கிறேன். நின்ற பிறகுதான் பலரும் இசை ஒலித்ததையே உணர்ந்து அதைப் பற்றிக் கேட்கிறார்கள். வேலை செய்யும்போது வேறு இசை, இது கிடையாது.

உங்கள் பட்டியலை அப்படியே எங்களுக்குத் தர முடியுமா?

கேட்டவர்களுக்கெல்லாம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஏழாவது பதிலில் சொன்ன வரிசையே அதன் எலும்புக்கூடு. ஒன்றை மட்டும் சேர்ப்பதில்லை. ஊர் திரும்புவதற்கு முந்தைய நாள், அந்தச் சுரங்க நடைவழியில், கைப்பேசியைக் கையில் பிடித்தபடியே நடந்து எடுத்த பதிவு அது. ஒரு நிமிடம்கூட இல்லை. வயலின் நெருங்குகிறது, என் காலணி ஓசை கேட்கிறது, யாரோ ஒருவர் மன்னிக்கவும் என்று சொல்லி என்னைக் கடந்து போகிறார், வயலின் தேய்கிறது. ஆண்டுக்கு ஒரு முறை, நான் ஊர் திரும்பிய தேதியில், காதுக்கருவியில் கேட்கிறேன்.